அடுப்படிக் கடப்பா கல்லும் பரணில் கிடக்கும் சிலேட்டும்: மண்ணுக்கடியில் தண்ணீர் பார்க்கும் வேலை

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டு அடுப்படி மேடை கடப்பா கல். பரணில் அம்மா படித்த காலத்துச் சிலேட்டு ஒன்று கிடக்கிறது. இரண்டுமே ஒரு காலத்தில் கடலடிச் சேறு என்று எங்கோ படித்திருக்கிறீர்கள். பள்ளிப் புத்தகம் "வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் பாறைகள் உருமாறுகின்றன" என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. அப்படியென்றால் சேற்றில் இருந்த தண்ணீர் எங்கே போயிற்று? எந்த ஆழத்தில் களிமண் களிமண்ணாக இல்லாமல் போகிறது? மேலே வந்த பிறகு ஏன் பழையபடி களிமண்ணாவதில்லை? கடப்பா கல்லில் ஓடும் வெள்ளைக் கோடு என்ன? நான்கு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். எனக்கு நான்கும் ஒன்றாகத்தான் படுகின்றன: புதைந்த பாறைக்குள் தண்ணீர் என்ன செய்கிறது என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது.

என் தகுதியையும் சொல்லிவிட வேண்டும். இருபது வருடத்துக்கு மேலாக ஷேல் (சேறு இறுகிக் கல்லானது), மணற்கல் இவற்றை மெல்லிய சீவலாக்கி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதும், களிமண்ணை எக்ஸ்ரே கருவியில் ஓட்டுவதும்தான் என் பிழைப்பு. ஆகவே சுமார் 250 டிகிரி செல்சியஸ் வரைக்கும் நடப்பவற்றைக் கண்ணால் பார்த்த ஆளாகச் சொல்வேன். அதற்கு மேலே 600, 700 டிகிரி கண்ட பாறைகளைக் களப்பயணங்களில் தொட்டுப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். அங்கே மற்றவர்கள் செய்த ஆய்வை நம்பித்தான் பேசுகிறேன்.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். கடப்பா கல் சேறு அல்ல, பெரும்பாலும் சுண்ணாம்புக் கல். கொஞ்சம் களிமண்ணும் சிலிக்காவும் கலந்தது. எலுமிச்சை மூடியை மேடையில் கவிழ்த்து வைத்து மறந்துபோனால் மறுநாள் அந்த இடம் வட்டமாக மங்கிப்போயிருக்கும், கவனித்திருப்பீர்கள். சுண்ணாம்புக் கல்லின் முக்கியக் கனிமமான கால்சைட்டை அமிலம் தின்றுவிட்ட தடம் அது. சிலேட்டு வேறு ஜாதி, அதுதான் அசல் களிமண் வாரிசு. சுவாரசியம் என்னவென்றால், ஆந்திரத்தில் இருக்கும் கடப்பா படுகை என்ற ஒரே படுகையில் இரண்டும் கிடைக்கின்றன. மேடைக்கு வரும் பலகைக் கல் படுகையின் மேற்குப் பாதியில், கடப்பா, கர்னூல் பக்கம் ஏறத்தாழ மட்டமாகவே படுத்திருக்கும் அடுக்குகளிலிருந்து வெட்டப்படுகிறது. வயது ஐம்பது கோடி ஆண்டுக்கும் மேல். கிழக்கே நல்லமலைப் பக்கம் போனால் அடுக்குகள் மடிந்து, நசுங்கிக் கிடக்கின்றன. சிலேட்டுப் பலகைக்குப் பேர்போன மார்காபூர் அங்கேதான் இருக்கிறது. மட்டமாகக் கிடந்த பக்கம் உருமாறவே இல்லை என்று சொல்லலாம். மடிந்த பக்கம் உருமாற்றத்தின் முதல் படியில் கால் வைத்திருக்கிறது.

சரி, களிமண்ணுக்கு வருவோம். கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காட்டில் சித்திரை மாதம் நடந்தால் கால் நுழையும் அளவுக்கு வெடிப்பு விட்டிருக்கும். ஐப்பசி மழை நின்று பெய்ததும் வெடிப்பெல்லாம் மூடிக்கொண்டு மண் உப்பிவிடும். இந்தக் குணத்துக்குக் காரணம் ஸ்மெக்டைட் என்ற களிமண் கனிமம். அடுக்கி வைத்த அப்பளங்களைப் போல மெல்லிய தகடுகள், தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே தண்ணீரும், இறுகப் பிடிக்காத சோடியம், கால்சியம் அயனிகளும். தண்ணீர் நுழைந்தால் தகடுகள் விலகும், வெளியேறினால் நெருங்கும். ஆறுகள் கடலுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் சேற்றில் பல இடங்களில் இந்தக் கனிமம் ஏராளம்.

சேறு புதையத் தொடங்கும்போது அதன் கன அளவில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். மேலே பாரம் ஏற ஏற, முதல் ஒன்றிரண்டு கிலோமீட்டரிலேயே அதில் பெரும்பகுதி பிழிந்து வெளியேறிவிடும். இது வெறும் பிழிதல், துணி பிழிவது மாதிரி. கனிமம் எதுவும் மாறவில்லை. மாற்றம் அதற்குப் பிறகு ஆரம்பிக்கிறது. ஒரு கிலோமீட்டர் இறங்கினால் சாதாரணமாக 25 முதல் 30 டிகிரி வரை சூடு ஏறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60, 70 டிகிரியைத் தாண்டும்போது, துளைகளில் மிச்சமிருக்கும் உப்பு நீர், சேற்றோடு வந்து சேர்ந்த பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத்தின் மணிகளைக் கரைக்கத் தொடங்குகிறது. கரைந்து வந்த பொட்டாசியம் ஸ்மெக்டைட் தகடுகளுக்கு நடுவே போய் உட்காருகிறது. தகட்டுக்குள்ளே சிலிக்கானில் கொஞ்சம் வெளியேறி அந்த இடத்தை அலுமினியம் பிடிக்கிறது. இப்போது பொட்டாசியம் பசை மாதிரி இரண்டு தகட்டையும் ஒட்டிவிடும். நடுவே இருந்த தண்ணீர் துரத்தப்படும். இனி அந்தத் தகடுகள் உப்பாது. அந்தக் கனிமத்துக்குப் பெயர் இல்லைட். துரத்தப்பட்ட சிலிக்கா, இரும்பு, மக்னீசியம், கால்சியம், சோடியம் எல்லாம் அதே துளை நீரில் மிதந்துகொண்டிருக்கும். இரும்பும் மக்னீசியமும் கொஞ்ச தூரத்திலேயே குளோரைட் என்ற பச்சைக் கனிமமாகப் படியும்.

இது ஊகமல்ல. அமெரிக்காவின் மெக்சிகோ வளைகுடாக் கரையில் தோண்டிய ஒரு ஆழ்கிணற்றின் துணுக்குகளை எடுத்து ஹவரும் கூட்டாளிகளும் 1976இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் எல்லோரும் முதலில் படிப்பது. சுமார் 2 கி.மீ. ஆழத்தில் கலப்புக் களிமண்ணில் இல்லைட் தகடுகள் ஐந்தில் ஒரு பங்கு. 3.7 கி.மீ.க்கு வரும்போது ஐந்தில் நான்கு பங்கு. அதே ஆழத்துக்குள் பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பார் தீர்ந்துபோகிறது, கால்சைட்டும் ஏறக்குறைய இல்லாமல் போகிறது. ஆனால் கால்சைட்டை விட்டுவிட்டுப் பாறையை மொத்தமாக அரைத்து ரசாயனக் கணக்குப் பார்த்தால் மேலேயும் கீழேயும் பெரிய வித்தியாசமில்லை. அரிசியும் உளுந்தும் இட்லியான மாதிரி. சாமான் அதேதான், பண்டம் வேறு.

இதை நாங்கள் எப்படிப் பார்க்கிறோம் என்று சொன்னால் நம்பிக்கை வரும். ஷேலைப் பொடித்து, தண்ணீரில் கலக்கி, கடைசி வரை அடியில் இறங்காமல் மிதக்கும் நுண்ணிய தூளை மட்டும் எடுத்து, கண்ணாடிச் சில்லில் பூசிக் காயவைப்போம். எக்ஸ்ரேயில் ஓட்டினால் தகடுகளுக்கு இடையிலான தூரம் தெரியும். பிறகு அதே சில்லை எத்திலீன் கிளைக்கால் ஆவியில் ஒரு ராத்திரி வைப்போம். கார் ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்டில் இருக்கிறதே, அதே திரவம்தான். மறுநாள் காலை மறுபடி ஓட்டினால் ஸ்மெக்டைட் தகடுகள் 17 ஆங்ஸ்ட்ராமுக்கு (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) விரிந்திருக்கும். இல்லைட் 10 ஆங்ஸ்ட்ராமில் அசையாமல் நிற்கும். ஒரே கிணற்றின் துணுக்குகளை மேலிருந்து கீழாக வரிசையாக ஓட்டிக் காகிதத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டிவைத்தால், எக்ஸ்ரே வரைகோட்டில் விரியும் தகடுகளைக் காட்டும் மேடு கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து மறைவதைக் கண்ணால் பார்க்கலாம். எத்தனை முறை செய்தாலும் எனக்கு அலுக்காத வேலை அது.

ஆனால் வெப்பம் மட்டுமே இதைச் செய்துவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். மொன்டானாவில் ஷேலுக்கு நடுவே எரிமலைச் சாம்பலால் ஆன களிமண் அடுக்குகள் இருக்கின்றன. மேலே, கீழே, நடுவே எல்லா இடமும் பட்ட சூடு ஒன்றுதான். ஆனாலும் அடுக்கின் ஓரங்களில் இல்லைட் அதிகம், நடுவயிற்றில் ஸ்மெக்டைட் அதிகம். காரணம், பொட்டாசியம் பக்கத்து ஷேலிலிருந்து நீர் வழியாக ஊறி உள்ளே வரவேண்டியிருந்தது. நடு வரைக்கும் வந்து சேர்வதற்குள் காலம் முடிந்துவிட்டது. வெப்பம் அனுமதி மட்டுமே தரும், சாமானைத் தூக்கிக்கொண்டு நடப்பது தண்ணீர்தான் என்று நான் மாணவர்களுக்குச் சொல்வது இதை வைத்துத்தான்.

மணற்கல்லைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் அதைக் கேட்கவில்லை என்றாலும். 70, 80 டிகிரிக்கு மேலே போனால் குவார்ட்ஸ் (படிகமான சிலிக்கா) மணிகள் தொட்டுக்கொள்ளும் இடத்தில் கரைந்து, துளைகளில் மறுபடி படியும். மைக்ராஸ்கோப்பில் பழைய உருண்டை மணியும் அதைச் சுற்றி வளர்ந்த புதுக் குவார்ட்ஸும் ஒரே படிகம் போலத்தான் தெரியும். நடுவே ஒரு மெல்லிய தூசிக் கோடு மட்டும் காட்டிக்கொடுக்கும். அந்தப் புது வளர்ச்சிக்குள் சில சமயம் மைக்ரான் அளவில் நீர்த்துளி சிக்கியிருக்கும், உள்ளே ஒரு குமிழி ஆடும். மைக்ராஸ்கோப்பின் மேடையைச் சூடாக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் குமிழி சட்டென்று காணாமல் போகும். அந்த நீர் சிக்கியபோது குறைந்தபட்சம் அந்தச் சூடாவது இருந்தது என்று அர்த்தம். நேர்மாறான வேடிக்கையும் உண்டு. மணியைச் சுற்றி முன்கூட்டியே குளோரைட் ஒரு மெல்லிய பூச்சாகப் படிந்துவிட்டால் புதுக் குவார்ட்ஸுக்கு ஒட்ட இடம் கிடைக்காது. லூசியானாவில் டஸ்கலூசா மணற்கல் 5 கி.மீ.க்கும் கீழே போயும் சில இடங்களில் 20 சதவீதத்துக்கு மேல் துளைகளைக் காப்பாற்றி வைத்திருப்பதற்கு அந்தப் பூச்சுதான் முக்கியக் காரணம்.

இப்போது ஆழக் கேள்வி. எந்த ஆழத்தில் படிவுப் பாறை உருமாறிய பாறையாகிறது? நேர்மையான பதில், கோடு எதுவும் கிடையாது. நாங்கள் வசதிக்காக 200 டிகிரிப் பக்கம் ஒரு கோடு போட்டுக்கொள்கிறோம். எக்ஸ்ரேயில் இல்லைட்டின் மேடு எவ்வளவு ஒல்லியாக இருக்கிறது என்று அளந்து, 0.42 டிகிரியை (இது கோண அளவு, சூடு அல்ல) விட அகலமென்றால் இன்னும் படிவுப் பாறைதான், 0.25ஐ விட ஒல்லியென்றால் உருமாற்றம் தொடங்கிவிட்டது, நடுவில் இருப்பது இரண்டுங்கெட்டான் என்று வகை பிரிக்கிறோம். இந்த அளவுகோலுக்கு கூப்ளர் எண் என்று பெயர். நடைமுறைக்கு மிகவும் உதவும். அதே சமயம் அந்த எண்ணை வைத்து "இந்தப் பாறை சரியாக 240 டிகிரி கண்டது" என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். எத்தனை காலம் சூடு நீடித்தது, எவ்வளவு நசுங்கியது, எவ்வளவு நீர் ஓடியது எல்லாமே அந்த மேட்டை மாற்றும்.

சிலேட்டில் நடந்தது இந்த எல்லையைத் தாண்டிய கதை. பக்கவாட்டில் நசுக்கப்படும்போது, அந்த நசுக்கலைத் தாங்கும் முகங்களில் குவார்ட்ஸ் கரைகிறது. இல்லைட் பெரிதாகி வெள்ளை மைக்காவாகி, நசுக்கும் திசைக்குக் குறுக்கே வரிசை கட்டி வளர்கிறது. சிலேட்டு தட்டையாகப் பிளப்பது அந்த வரிசையில்தான். சேறு படிந்த அடுக்கிலேயே பிளக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். உங்கள் அம்மாவின் சிலேட்டை ஈரத்துணியால் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அதிர்ஷ்டம் இருந்தால் பலகையின் குறுக்கே மங்கலான நிறப் பட்டை ஒன்று ஓடும். அதுதான் பழைய சேற்றடுக்கு. பிளந்த முகமும் அந்தப் பட்டையும் ஒரே திசையில் இல்லாததைக் கவனியுங்கள்.

கரைந்த குவார்ட்ஸ் எங்கே போனது என்பதில்தான் சண்டை. அமெரிக்காவின் கிழக்கே மார்ட்டின்ஸ்பர்க் என்ற சிலேட்டுப் பாறையில் கிராப்டோலைட் என்ற பழங்காலக் கடலுயிரியின் புதைபடிவங்களின் உருவம் எவ்வளவு குறுகியிருக்கிறது என்று அளந்தவர்கள், பாறையின் கன அளவில் ஏறத்தாழ பாதி கரைந்து வெளியேறிவிட்டது என்று 1982இல் எழுதினார்கள். அவ்வளவு சிலிக்காவைத் தூக்கிப் போக எத்தனை தண்ணீர் ஓடியிருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டால் தலை சுற்றும். பிறகு வந்த பலர் ரசாயனக் கணக்கை வைத்து, அவ்வளவு இழப்பு இல்லை, பக்கத்திலேயே நகர்ந்து படிந்திருக்கிறது என்றார்கள். நான் இரண்டாவது பக்கம் கொஞ்சம் சாய்வேன். ஆனால் சிலேட்டுக்குள் வெள்ளைக் குவார்ட்ஸ் நரம்புகள் விரலளவு தடிமனில் ஓடுவதைப் பார்க்கும்போதெல்லாம் முழு உறுதியோடு சொல்ல வாய் வருவதில்லை.

தண்ணீரின் பங்கைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் பார்க்க வேண்டுமென்றால் கலிஃபோர்னியாவின் சால்ட்டன் கடல் பக்கம் போகவேண்டும். நான் இந்தப் பதிலில் சொல்ல விரும்பும் முக்கிய உதாரணம் அதுதான். கொலராடோ ஆறு தன் கழிமுகத்தில் கொட்டிய மணலும் சேறும் அங்கே பல கிலோமீட்டர் தடிமனில் கிடக்கின்றன. பூமியின் மேலோடு கீழே விரிசல் விடும் இடம், ஆகவே அடியில் மாக்மாவின் சூடு. அதற்கு நடுவே கடல் நீரைப்போல ஏழு மடங்கு உப்பான நீர் சுழல்கிறது. எடையில் கால் பங்கு உப்பு. 1985, 86இல் அறிவியலுக்காகவே தோண்டிய கிணறு 3.2 கி.மீ. ஆழத்தில் 355 டிகிரியைத் தொட்டது. மெக்சிகோ வளைகுடாவில் அதே ஆழத்தில் 100 டிகிரிப் பக்கம்தான் இருக்கும்.

மஃப்ளர், வைட் என்ற இருவர் 1960களில் அங்கிருந்த கிணறுகளின் துணுக்குகளை ஆராய்ந்தார்கள். மேலே கொலராடோ ஆற்றின் சாதாரண வண்டல்: குவார்ட்ஸ், கால்சைட், டோலமைட், களிமண்கள். இறங்க இறங்க ஸ்மெக்டைட் இல்லைட்டாகிறது. 200 டிகிரியைத் தாண்டிச் சற்று தூரத்தில், நீர் பட்டால் உப்பிக்கொள்ளும் அந்தக் களிமண் தீர்ந்துவிடுகிறது. அதற்கும் முன்பே கயோலினைட் என்ற இன்னொரு களிமண்ணும் டோலமைட் வகைக் கார்பனேட்டும் வினைபுரிந்து குளோரைட்டும் கால்சைட்டும் ஆகின்றன. அந்த வினையில் கரியமில வாயு வெளியேறுகிறது. கடைசியில் 300 டிகிரிப் பக்கம் பிஸ்தாப் பச்சையில் எபிடோட் என்ற கனிமம் தோன்றுகிறது. இன்னும் கீழே கறுப்பு மைக்காவான பயோடைட் கூட. பாடப் புத்தகம் மலைகளின் வேரில் தேடச் சொல்லும் கனிமங்கள், ஆற்று வண்டலில், மூன்று கிலோமீட்டருக்குள். மலை எழவில்லை, பெரிய அழுத்தம் இல்லை. சூடான உப்பு நீர் ஓடியது, அவ்வளவுதான். அப்படி வெளியேறிய கரியமில வாயுவை 1930களிலிருந்து சுமார் இருபது வருடம் கிணறு போட்டு எடுத்து டிரை ஐஸ் செய்து விற்றிருக்கிறார்கள். கனிமங்கள் மாறும்போது கசிந்த வாயுவில் யாரோ சரக்கைக் குளிர்வித்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பிடித்த தகவல்.

இன்னொன்று. 1960களின் தொடக்கத்தில் அங்கே சோதனைக்காக நீரை வெளியே விட்ட கிணற்றின் குழாயில் கறுப்பாக அடைப்பு படிந்தது. சுரண்டிப் பார்த்தால் செம்பும் வெள்ளியும் கலந்த சல்ஃபைடு, சில மாதத்தில் டன் கணக்கில். சேற்றுப் பாறைகளுக்குள் அணு அளவில் சிதறிக் கிடந்த உலோகத்தை அந்த உப்பு நீர் கழுவி எடுத்து வந்திருந்தது. களிமண் மாறும்போது பாறையிலிருந்து என்னென்ன வெளியேறுகிறது என்பதை வேறெங்கும் இவ்வளவு வெளிப்படையாகப் பார்க்க முடியாது.

அதற்கு மேலே என்ன ஆகும் என்பதை வேகமாகச் சொல்கிறேன். ஸ்காட்லாந்து மலைகளில் ஜார்ஜ் பாரோ 1893இல் ஒரே களிமண் பாறை சூடு ஏற ஏற எப்படி மாறுகிறது என்று வரைபடம் போட்டார். இன்று அந்தக் கனிம வரிசை குளோரைட், பயோடைட், கார்னெட், ஸ்டாரோலைட், கயனைட், சிலிமனைட் என்று சொல்லப்படுகிறது. ஒவ்வொரு படியிலும் நடப்பது பெரும்பாலும் ஒரே மாதிரி: நீரைத் தன் படிகத்துக்குள் கட்டி வைத்திருக்கும் கனிமம் சிதைகிறது, நீர் குறைந்த கனிமம் பிறக்கிறது, மிச்ச நீர் வெளியேறுகிறது. சாதாரண ஷேலில் எடையில் சுமார் 5 சதவீத நீர் கனிமங்களுக்குள்ளேயே கட்டுண்டு இருக்கும். கார்னெட் சிஸ்ட் (கார்னெட் பதிந்த மைக்காப் பாறை) ஆகும்போது இரண்டு சதவீதம் போலத்தான் மிச்சம். கன மீட்டர் பாறைக்கு 80 லிட்டர், ஐந்து குடம் தண்ணீர். முதல் கேள்விக்குப் பதில் இதுதான்: சேற்றின் நீரில் பெரும்பகுதி மேலேயே பிழிந்து போயிற்று, மிச்சம் கனிமங்களுக்குள் ஒளிந்துகொண்டு இறங்கியது, அதுவும் படிப்படியாகக் கக்கப்பட்டது. சுண்ணாம்புக் கல்லாக இருந்தால் நீரோடு கரியமில வாயுவும் வெளியேறும். எந்த வெப்பத்தில் எந்தக் கனிமம் வரும் என்பதே அந்த இரண்டும் எந்த விகிதத்தில் கலந்திருக்கின்றன என்பதைப் பொறுத்து மாறும். ஆகவே சுண்ணாம்புக் கல் உருமாறிய பளிங்கில் ஒரு கனிமத்தை மட்டும் பார்த்துவிட்டு வெப்பம் சொல்வது ஆபத்து.

இப்போது நீங்கள் கேட்டதிலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி: ஏன் திரும்புவதில்லை? வினைகள் இரண்டு பக்கமும் போகக்கூடியவைதான். ஆனால் திரும்பி வர அந்த ஐந்து குடம் தண்ணீர் வேண்டும். அது எப்போதோ விரிசல் வழியாக மேலே ஏறிப் போய்விட்டது. பாறை மேலே வரும்போது சூடு குறைந்துகொண்டே வருகிறது, வினையின் வேகமும் குறைகிறது, கையில் தண்ணீரும் இல்லை. ஆகவே அது ஆழத்தில் இருந்த கோலத்திலேயே உறைந்து மேலே வருகிறது. கன்னியாகுமரிக் கடற்கரையில் சிவப்பாக ஒதுங்கும் மணல் கார்னெட்தான். தென் கேரளத்திலும் நாகர்கோவில் பக்கத்திலும் கொண்டலைட் என்ற பாறை இருக்கிறது. கார்னெட், சிலிமனைட், குவார்ட்ஸ், சில இடங்களில் கிராஃபைட்டும் கலந்தது. அதுவும் ஒரு காலத்தில் சேறுதான். கிராஃபைட்டில் கணிசமான பகுதி அந்தச் சேற்றில் கலந்திருந்த உயிர்ப்பொருள் என்பதை அதன் கார்பன் ஐசோடோப்புகள் (எடை வேறுபட்ட கார்பன் அணுக்கள்) காட்டுகின்றன. 700 டிகிரிக்கு மேல் போய் வந்த அந்தப் பாறை உதிர்ந்து, கார்னெட் அலையில் புரண்டும் களிமண்ணாகாமல் கிடக்கிறது. ஆனால் எங்கெல்லாம் பின்னால் வந்த நீர் ஒரு விரிசலில் நுழைந்ததோ அங்கெல்லாம் திரும்புதல் நடந்தே இருக்கிறது. சீவலில் பார்த்தால் கார்னெட்டின் உடைசல் கோடுகளை ஒட்டி மட்டும் பச்சைக் குளோரைட் ஓடும். இரண்டு மில்லிமீட்டர் தள்ளி கார்னெட் புத்தம் புதிதாக இருக்கும். அப்புறம், பாறை தரைக்கு வந்து மழை பட்டு மக்கும்போது களிமண் மறுபடி பிறக்கிறதுதான். அது வேறு கதை, வேறு வழி.

இதற்கு எதிர்த்திசை ஆதாரம் நார்வேயில் பெர்கன் அருகே இருக்கிறது. படிவுப் பாறை அல்ல, என்றாலும் சொல்லாமல் விட மனமில்லை. 90 கோடி ஆண்டுக்கு முன்பே வறண்டுபோன ஒரு பாறை, சுமார் 43 கோடி ஆண்டுக்கு முன் கண்டங்கள் மோதியபோது 50 கி.மீ.க்கும் கீழே இழுக்கப்பட்டது. 700 டிகிரிப் பக்கச் சூடு, பயங்கர அழுத்தம். புத்தக வரிப்படி முழுவதும் உருமாறியிருக்க வேண்டும். மாறவில்லை. நீர் நுழைந்த விரிசல்களை ஒட்டிச் சில சென்டிமீட்டர், சில மீட்டர் மட்டும் எக்லோஜைட் (உயர் அழுத்தத்தில் உருவாகும் பாறை) ஆகியிருக்கிறது, மிச்சம் அப்படியே. ஆஸ்ட்ரைம் என்ற ஆய்வாளர் 1987இல் இதை எழுதிய பிறகு "வெப்பமும் அழுத்தமும்" என்ற வரியை என்னால் தயக்கமில்லாமல் சொல்லிக்கொடுக்க முடிந்ததில்லை.

எனக்கு நிச்சயமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கேரளத்தின் பொன்முடியிலும் கர்நாடகத்தின் கப்பல்துர்காவிலும் நைஸ் என்ற சாம்பல் நிற உருமாறிய பாறைக்குள் சார்னோக்கைட் என்ற கருத்த பாறை திட்டுத் திட்டாக, விரிசல் கோடுகளை ஒட்டிப் பரவியிருக்கும். நீர் கொண்ட பயோடைட் அழிந்து பைராக்சீன் என்ற நீரற்ற கனிமம் வந்திருக்கிறது. கீழிருந்து கரியமில வாயு ஊறி வந்து நீரை நீர்க்கச் செய்ததால் நடந்தது என்று 1980 வாக்கில் ஒரு கருத்து பலமாக எழுந்தது. வெளியிலிருந்து எதுவும் வரவேண்டியதில்லை, பாறை பிளந்தபோது உள்ளே இருந்த நீரின் அழுத்தம் இறங்கியதே போதும் என்று இன்னொரு பக்கம். உப்பு நீர் என்று மூன்றாவது பக்கமும் உண்டு. கேட்கும்போது ஒவ்வொன்றும் சரியாகத்தான் படுகிறது. எல்லா இடத்துக்கும் ஒரே பதில் இருக்க வேண்டியதில்லை என்று மட்டும் நினைக்கிறேன்.

கடைசியாக, மேடையில் ஓடும் வெள்ளைக் கோடு. படம் அனுப்பவில்லை, ஆகவே பெரும்பாலும் என்று சொல்லித்தான் தொடங்க முடியும். பெரும்பாலும் அது கால்சைட் நரம்பு. புதைந்திருந்த காலத்தில் துளை நீரின் அழுத்தம் ஏறிக் கல்லை மயிரிழையளவு பிளந்திருக்கும், பிளவில் அழுத்தம் சட்டென்று இறங்கியதும் நீரில் கரைந்திருந்த கரியமில வாயு பிரிந்திருக்கும், அது போனால் கால்சைட்டால் கரைந்தே இருக்க முடியாது, படிந்துவிடும். வெந்நீர் அண்டாவின் அடியில் வெள்ளையாகக் கட்டிக்கொள்கிறதே, ஏறத்தாழ அதே வினை. சோதிக்க வேண்டுமென்றால் மேடையின் நடுவில் வேண்டாம், சுவரோரம் யாரும் பார்க்காத மூலையில் கோட்டின்மேல் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு லென்ஸ் வைத்துப் பாருங்கள். பொடிப் பொடியாகக் குமிழி வந்தால் கால்சைட். குமிழியே இல்லாமல், கத்தி முனையும் கீறாமல் வழுக்கினால் குவார்ட்ஸ். அப்படியிருந்தால் அந்தக் கல்லைப் படம் எடுத்து அனுப்புங்கள், கோட்டுக்குக் குறுக்கே நார் நாராகப் படிகம் தெரிகிறதா என்று பக்கத்தில் வைத்து எடுத்தால் நல்லது.